அத்தைக் கழனி

ஞாயிறு இரவு.

பாகப்பிரிவினை இப்படித்தான் முடியும் என்று நான் காலையிலேயே சொன்னேன். அண்ணன் மகன் முருகன், புருஷனை இழந்து நிற்கும் தன் தங்கை செல்விக்கு நிலம் தர மறுத்தான்.

“நம்ம வூட்ல பொண்ணுக்குப் பங்கு குடுத்த வழக்கம் கீதா, சித்தப்பா?”

“இன்னாடா பேசற? வெள்ளைக்காரன் காலத்துல எங்க தாத்தா பாகம் பிரிச்சப்போ தங்கச்சிக்குத்தான் மொதல்ல குடுத்தாரு. அது அத்தைக் கழனிடா. நாமதான் அத்திக் கழனின்னு சொல்லிக்கினு கீறோம்.”

கலெக்டர் துரை குதிரையிலிருந்து இறங்கித் தாத்தாவைக் கும்பிட்டதையும் சொன்னேன்.

முருகன், “அப்போ அது செல்விக்கே இருக்கட்டும்” என்றான். செல்வி அழுதுவிட்டாள். அவனுக்கு அந்த மனசைக் கொடுத்த சாமிக்குக் கோடி கும்பிடு.

துரை கும்பிட்டது நிஜம். தாத்தாவுக்குத் தங்கச்சிதான் கிடையாது. அந்தக் கழனியில் நின்றது அத்திமரம்.