யார் அளவுக்கு

பிப்ரவரி 4, ஞாயிறு

சைக்கிள் ஓட்டப் போகும் பழைய குவாரியில் இறங்கும்போதே ஜெகதீஷின் மலைச் சைக்கிள் பின்பக்கம் முனகிக்கொண்டு வந்தது. வீட்டில் சேற்றைத் துடைத்துப் பார்த்தால், பின்சக்கரத்தைத் தாங்கும் கையில், வெல்டிங் ஓரமாக, முடி போல ஒரு விரிசல். அலுமினிய ஃபிரேம். இனி அதை நம்பி மேட்டிலிருந்து இறங்க முடியாது.

"அடுத்த வாட்டி ரெண்டா முறிஞ்சிருக்கும்," என்றான், நல்ல சேதி சொல்வது போல. ஒரு பொருள் உடைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்படும் புருஷனை நான்தான் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வல்லக்கோட்டையில் ராஜாமணி அக்காவின் பட்டறைக்குப் போனோம். பஸ் பாடி கட்டும் கம்பெனியில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர். இப்போது ஸ்டீல் குழாயில் சைக்கிள் ஃபிரேம் கையாலேயே செய்கிறார், ஆளை அளந்து. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலைச் சைக்கிள் இதுவரை இரண்டுதான் செய்திருக்கிறாராம்.

ஸ்டீல் கனம் என்றேன். அக்கா மறுக்கவில்லை. "கனம்தான். மேல ஏறும்போது திட்டுவீங்க. ஆனா வளைஞ்சா தெரியும், விரிசல் வுட்டா திரும்பவும் பத்த வெச்சிக்கலாம்."

அடுத்த சண்டை பின்பக்கக் கைக்கு. ஜெகதீஷ் நாலு மூட்டு வைத்தது வேண்டும் என்றான். ஒரே மூட்டு போதும், குவாரித் தூசி எல்லா பேரிங்கையும் தின்னுரும் என்றேன் நான். சுங்குவார்சத்திரம் டீக்கடை வரைக்கும் சண்டை. கடைசியில் "சரி, உன் பேச்சே இருக்கட்டும்" என்றான். அவனுக்குத்தானே வண்டி, நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்?

அக்கா அவனைச் செருப்பில்லாமல் சுவரோடு நிற்க வைத்து, கால், கை, தோள் எல்லாம் அளந்தார். கூச்சத்தில் நெளிந்தான்.

பிப்ரவரி 27

ஃபோர்க்லிஃப்ட். அவன் ஷிஃப்டில். வலது கால்.

மார்ச் 2

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் சொன்னதும் நான் தலையாட்டியிருக்கிறேன். எப்போது ஆட்டினேன் என்று ஞாபகமில்லை.

மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்றது அவன் தப்பு என்று அவன் கம்பெனியில் சொல்கிறார்கள். கூட வேலை செய்யும் சுப்பிரமணி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கோடு எங்கம்மா கீது? எப்பவோ தேஞ்சி போச்சி," என்றார். அதை எழுதித் தருவீங்களா என்றேன். ஆரஞ்சுப் பழப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "என் பேர மட்டும் இஸ்துடாதம்மா," என்று போய்விட்டார். அவர் மேல் கோபம்கூட வரவில்லை. நான் வேலை செய்யும் கம்பெனியில், எங்கள் லைனில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?

மார்ச் 19

ராஜாமணி அக்கா ஃபோன். குழாய்கள் வந்துவிட்டனவாம். விஷயம் அவருக்குத் தெரியும். "வெட்டட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14

வீட்டுக்கு வந்துவிட்டான். வருஷப் பிறப்பு என்று பாயசம் வைத்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டு, டம்ளரை வைத்துவிட்டுச் சொல்கிறான்: "அக்காகிட்ட சொல்லிடு. அந்த ஃபிரேம உன் அளவுக்கு செய்யட்டும்."

முடியாது என்றேன். செயற்கைக் கால் வைத்து எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள், டாக்டரே சொன்னார் என்றேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

என்னத்துக்கு இப்பிடிச் சொல்லுதான்? நான் என் அளவக் குடுத்தா அதுக்கு என்ன அர்த்தம்? இவன் இனி ஓட்டவே மாட்டான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரில்லா ஆயிரும். நான் போட மாட்டேன். என்னால முடியாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

தனியாக வல்லக்கோட்டைக்குப் போனேன். இரண்டு பேரும் ஓட்டுகிற மாதிரி, நடுவாக ஓர் அளவில் செய்ய முடியாதா என்று கேட்டேன். அக்கா வெகு நேரம் யோசித்தார்.

"செய்லாம். ஆனா உங்க ரெண்டு பேருக்குமே அது செட் ஆவாது. இறங்கும்போது உனக்கு கைப்பிடி எட்டாது, அவனுக்கு முட்டி இடிக்கும்."

"அப்ப அவன் அளவுக்கே வெட்டிருங்கக்கா."

"அவன கேட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். "அவனுக்கு இன்னா வேணும்னு அவன் சொல்லட்டும்," என்று குழாய்களைத் திரும்பவும் தாளில் சுற்றி மேலே வைத்துவிட்டார். அந்த நேரத்தில் அவரைப் பிடிக்கவே இல்லை.

மே 8

குளியலறையில் விழுந்துவிட்டான். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவனாகவே தாழ்ப்பாளை நீக்கினான். தூக்கப் போனேன். "தொடாத."

ஈரத்தில் அவன் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அப்புறம் அவனே பேசினான், என்னைப் பார்க்காமல்.

"ப்ரியா, நீ எனக்குன்னு அந்த வண்டிய செஞ்சினா அது இந்த வூட்லதான் நிக்கும். காலைல எழுந்தா அது மூஞ்சிலதான் முழிக்கணும். நான் எப்ப ஏறுவேன், எப்ப ஏறுவேன்னு நீயும் பாத்துகினு இருப்ப. வேணாம். என்னால அது முடியாது."

நான் நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தண்டனையாக இருந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியாமல் இருந்தேன்?

மே 19, ஞாயிறு

பட்டறைச் சுவரோடு நின்றேன். அக்கா என் காலை அளந்தார், கையை அளந்தார். கைப்பிடி எவ்வளவு உயரம் வேண்டும், பின்பக்கம் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று கேட்கக் கேட்க என் வாயிலிருந்து பதில் வந்துகொண்டே இருந்தது. எல்லாம் முன்பே யோசித்து வைத்தவள் மாதிரி. நீல நிறம் கேட்டேன்.

சந்தோஷமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பும்போது ஒரகடம் ரோட்டில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் அவளுடைய தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஜூலை 3

செயற்கைக் கால் வந்துவிட்டது. பயிற்சிக்குப் போகிற நாளில் மட்டும் மாட்டுகிறான். வீட்டில் ஊன்றுகோல்தான். அவன் கம்பெனியிலிருந்து இப்போது யாரும் ஃபோனை எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஃபிரேம் வந்தது. வெறும் நீல எலும்புக்கூடு, பின்பக்க ஷாக் அப்சார்பர் மட்டும் அக்காவே மாட்டியிருந்தார். கையில் தூக்கினால் கனம் தெரிகிறது. அவன் பார்க்கவில்லை.

சக்கரம், முன்ஃபோர்க், பிரேக் எல்லாம் அவன் வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அவன் வண்டியைப் பிரித்தால்தான் என் வண்டியைக் கட்ட முடியும். இதை நான் முன்னாலேயே யோசிக்கவில்லையா, யோசிக்க விரும்பவில்லையா?

வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றினேன். இறுகியிருந்தது 'கிறீச்' என்று விடும் சத்தம் உள்ளே அவனுக்குக் கேட்டிருக்கும். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். விரிசல் விட்ட பழைய ஃபிரேம் மட்டும் மிஞ்சியது. அதைக் காயலான் கடைக்குப் போட அவன்தான் சொன்னான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

தனியாகக் குவாரிக்குப் போனேன். மூன்றாவது மேட்டில் பின்சக்கரம் தூக்கிப் போட்டது. முழங்கை சிராய்ப்பு. வீட்டில் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. அவன் வாசல் வரைக்கும் வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

இன்றைக்கும் அதே மேட்டில் விழுந்தேன். தாடையில் ரத்தம். உள்ளே போய்க் கழுவிக்கொண்டு திரும்பினால், ஜெகதீஷ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வண்டியைத் தன் முன்னால் இழுத்து நிறுத்தியிருந்தான். சீட்டை உள்ளங்கையால் அமுக்கி விட்டான். திரும்பவும் அமுக்கினான்.

"எங்க வுழுந்த?"

"மூணாவது மேட்டுல. பின்னால உதைக்கி."

"உதைக்கும். காத்து ஜாஸ்தியா கீது. யார் வெச்சது?"

அக்கா வைத்தது. ஓட்டுகிறவரின் எடைக்குத் தக்கபடிதான் பின்பக்க ஷாக்கில் காற்று வைக்க வேண்டும். அவர் கேட்டபோது, கல்யாணத்தில் இருந்த எடையைத்தான், ஐம்பத்தேழு கிலோ என்று, சொல்லியிருந்தேன். நான் எடை பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது.

ஜெகதீஷ் சின்ன பம்ப்பை எடுத்து மாட்டினான். "இப்ப இன்னா வெயிட் நீ?"

போன வாரம் கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் பார்த்ததைச் சொன்னேன். நாற்பத்தாறு கிலோ.

அவன் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தாடை, கழுத்து, தோள் என்று மெதுவாக, கடை வீதியில் தொலைந்த ஆளைக் கண்டுபிடித்தவன் மாதிரி.

"எப்ப இப்டி ஆன?"

"தெரியல."

குனிந்து, பம்ப்பின் முள்ளைப் பார்த்தபடி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். "ஏறி குந்து, பாக்கலாம்," என்றான். ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.