நான்காம் பத்திக்கு வந்த கேள்வி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழையைக் காணோம். உளுந்து விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்க்கிறது.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ஆன்லைன் முதுகலை, தலைமைப் பண்பு, கடைசிப் பாடம். தலைப்பு: "நீங்கள் எடுத்த கடினமான ஒரு முடிவு." பதினெட்டு வருடம் பட்டாளத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். பத்திக்குப் பத்தி எண். உள்பத்திக்கு ஏ, பி. மேலதிகாரிகள் மெச்சிய எழுத்து. டியூட்டர் குறிப்பு: "இது விபத்து அறிக்கை. கட்டுரை அல்ல." அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. துப்பாக்கியைப் படத்தில் பார்த்திருப்பாள்.

கெடு ஞாயிறு மாலை ஆறு. லீவு முடிந்து திங்கள் ரயில். போகிற இடத்தில் நெட் கிடையாது. இது போனால் இரண்டு வருடப் படிப்பும் போச்சு.

நவ. 5, புதன்

எண்களை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம். அங்கேதான் சிக்னல்.

மதியமே பதில். நான்காம் பத்தி பக்கத்தில் ஒரே கேள்வி: "வண்டியை ஆற்றில் இறக்கச் சொன்னது யார்?"

அந்தப் பத்தியில் எல்லாம் இருக்கிறதே! வெள்ளம். மேல் முகாமில் ரேஷன் தட்டுப்பாடு. வண்டி அனுப்பப்பட்டது. ஓட்டுநர் உயிரிழப்பு. விசாரணைக் குழுவே ஏற்றுக்கொண்ட வாசகம். இவள் யார் கேட்க?

நவ. 6, வியாழன்

வாங்க: ஷூ பாலிஷ், சார்ஜர் வயர், கடலைமிட்டாய் (மெஸ்ஸுக்கு), அப்பா முட்டுக்குத் தைலம்.

டீக்கடையில் ஒருத்தர்: "என்ன மேஜர் அண்ணாச்சி, இன்னுமா படிக்குதீங்க? பிள்ளைக படிக்கட்டும்லா." சிரித்துவைத்தேன். எரிச்சல்.

மாலை டியூட்டரோடு வீடியோவில். "மேடம், ராணுவத்துல அப்படி எழுதுற வழக்கமே இல்லை."

"சார், நான் ராணுவத்துக்கு மார்க் போடலை."

என்ன திமிர்! துண்டித்துவிட்டேன். ஒருங்கிணைப்பாளருக்குப் புகார். ஒன்பது பத்தி. எண் போட்டு.

நவ. 8, சனி

ஒருங்கிணைப்பாளர் பதில், இரண்டே வரி. மதிப்பீடு டியூட்டர் பொறுப்பாம். எல்லாம் ஒரே கூட்டம்.

நான்காம் பத்தியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டல். எழுதுவது, அழிப்பது. டிரைவர் பிரகாஷ் அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கி வந்து கேட்டான்: "தண்ணி ஜாஸ்தியா இருக்கு சார். ஒரு மணி நேரம் பார்ப்போமா?" அவன் கேட்டதை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு அந்தப் பெண் மேல் இன்னும் கோபம்தான்.

நவ. 9, ஞாயிறு

விடியலில் நல்ல மழை. அப்பா குடையில்லாமல் உளுந்துக் காட்டுக்குப் போய்விட்டார்.

எழுதிவிட்டேன். "அவன் ஒரு மணி நேரம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. போ என்றேன்." மீதி அதிலிருந்து தானாக வந்தது. மூன்று பக்கம்.

என் மனைவி கோமதி டீ கொண்டுவந்தவள் நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டும் நகரவில்லை.

"பிரகாஷ் வீட்டுக்கு நானும்தான வந்தேன். திடீர்னு வெள்ளம் வந்துட்டும்மான்னுல்லா அந்தப் பிள்ளைட்ட சொன்னீங்க?"

ஆமா என்றேன்.

"டீச்சருக்கு அனுப்புதீங்க. அவளுக்கு?"

ஐந்து நாற்பதுக்கு டியூட்டருக்கு அனுப்பினேன். பிரகாஷ் மனைவியின் நம்பர் போனில் இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை.