நான்கு என்று நீ எழுதிய விடை

அன்பு மகள் ஆனந்தவள்ளிக்கு,

நாலு வருஷம் உன்னோடு பேசாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று, போதும். நீ சுகமாய் இருப்பது உன் அம்மா போனில் பேசும்போது என் காதிலும் விழுகிறது. இங்கும் உடம்புக்குக் குறைவில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. தென்காசியில் சாரல் தொடங்கி, கொடியில் போட்ட துணி காயவில்லை. இயற்பியல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனியில் இடம் கிடைத்ததை ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு எனக்குச் சொன்னாயே, அந்தக் கோபம் மட்டும் காய்ந்துபோய் அப்படியே இருக்கிறது.

போன வாரம் செங்கோட்டைப் பெரியப்பா வந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அதிகாரம் ஓயவில்லை. ஏலே, ஒம் மவ எஸ்.ஐ. பரீட்சை எழுதியிருந்தா தோள்ல ரெண்டு நட்சத்திரம் மின்னும், இப்ப வானத்துல எண்ணிக்கிட்டு இருக்கா என்றார். அம்மா உடனே நீ இயற்பியல் பற்றித் தமிழில் பேசிய சொற்பொழிவை போனில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். ஐந்தருவியில் சந்திப்போம் என்றால் போதாது, எப்போது என்றும் சொல்லவேண்டும், மாசியில் வந்தவனுக்கு வெறும் பாறை, ஆனியில் வந்தவனுக்கு அருவி, இடத்துக்கு மூன்று எண், காலத்துக்கு ஒன்று, ஆக நான்கு பரிமாணம் என்றாய். பிள்ளை வெவரமாத்தாம்ல சொல்லுதா என்று பெரியப்பா வாயைப் பிளந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அண்ணாச்சி, இது நான் கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தது என்று சொல்லிவிட்டேன்.

பொய். உனக்கும் எனக்கும் தெரியும். பதினோராம் வகுப்பில் பரிமாண வாய்ப்பாடு என்று நிறை, நீளம், காலம் மூன்றையும் பலகையில் எழுதிப் போட்டவன் நான். பரீட்சையில் உலகத்துக்கு எத்தனை பரிமாணம் என்ற கேள்விக்கு, மூன்று என்று எழுதாமல் நீ நான்கு என்று எழுதியதும், வாய்ப்பாட்டுப் பரிமாணத்தையும் இடத்தின் பரிமாணத்தையும் போட்டுக் குழப்பிவிட்டாய் என்று சிவப்பு மையால் அடித்தேன். அப்போ நிறையும் பரிமாணம்தானே, உன் எடையைச் சேர்த்தா அஞ்சாகுமே என்று வகுப்பே சிரிக்கக் கேட்டேன். வகுப்பில் அப்பா என்று கூப்பிடக்கூடாது என்பது என் சட்டம், அதனால் சார், கீழ வெளக்கம் எழுதியிருக்கேன், வாசிச்சுப் பாருங்க என்றாய். வாசிக்கவில்லை. இந்த அருவிக் கணக்கைத்தான் எழுதியிருந்தாய் போலும்.

ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன். குற்றாலம் போனவன் தென்காசிக்குத் திரும்பலாம், நேற்றைக்கு யாரும் திரும்ப முடியாது. நீயே அந்தச் சொற்பொழிவில் எழுதிய சமன்பாட்டில் காலத்துக்கு மட்டும் எதிர்க்குறி போட்டாய், கவனித்தேன். பரிமாணம்தான், ஆனால் ஒருவழிப் பாதை. திரும்ப முடியுமென்றால் அந்தத் தாளின் அடியில் இருந்ததைத்தான் முதலில் வாசிப்பேன்.

ஆடியில் வரும்போது குற்றாலத்தில் லாட்ஜ் போடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். வீடு இருக்கையில் லாட்ஜ் எதற்கு? மாடி அறையை உனக்காக ஒழித்துவைத்துவிட்டேன். கொல்லம் வழியாக வந்தால் தென்காசிக்கே டிக்கெட் எடு, செங்கோட்டையில் இறங்கினால் பெரியப்பா விடமாட்டார். அதற்குள் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது என் பொறுப்பு. நீ இன்னும் பெரிய பெயர் வாங்கி, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே.

கையெழுத்துப் போட்டால் மன்னிப்புக் கேட்டது போல ஆகிவிடும். உன்னிடமும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, அவ்வளவு தூரம் நான் இன்னும் இறங்கவில்லை. இந்தக் கோணல் எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். போடாமலே தபாலில் சேர்க்கப் போகிறேன்.