காற்று சுத்தமாக இருந்த ராத்திரிகள்

மாமா,

இன்று காலை அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து உங்கள் மெஷினை வெளியே எடுத்தாள். மூக்கின்மேல் மாட்டும் ரப்பர் மூடி, வளையல் வளையலாக நீளும் குழாய், தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை. எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் போடுவதற்கு முன் பட்டையை மட்டும் ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். ரப்பர் வாடைக்குள் நீங்கள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இன்னும் இருந்தது.

"தொவைச்சாதானே குடுக்க முடியும்?" என்றாள்.

"தொவைச்சிடுக்கா."

பட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை நனைத்தாள். பின்தெருவில் துணி தைக்கிற செல்விக்குத்தான் மெஷின் போகிறது. அவளுக்கும் உங்கள் நோய்தான். நம் ஊரில் அவளும் பல வருஷமாக அதற்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவிலேயே குடிவந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கடலூருக்குப் பக்கத்தில், கெமிக்கல் கம்பெனிகளின் சுவரை ஒட்டிய ஊர். அழுகின முட்டை, நெயில் பாலிஷ், செத்த எலி என்று இங்கே காற்றுக்குத் தினம் ஒரு பெயர். அந்த நாற்றத்தில் முதலில் விழிக்கிறவர் தெருமுனை இரும்புக் கம்பத்தைக் கல்லால் அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, துண்டை நனைத்துக் குழந்தைகள் முகத்தில் போட வேண்டும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த வழக்கமில்லை. புகார் கொடுத்து ஆபீசர் வருவதற்குள் காற்று திரும்பிவிடும் என்பதால் ஊர் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

வந்த கொஞ்ச நாளிலேயே கம்பம் உங்களுடையதாகிவிட்டது. மற்றவர்கள் எப்போதாவது அடித்தார்கள், நீங்கள் வாரத்தில் பாதி நாள் அடித்தீர்கள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, லுங்கியை இறுக்கிக் கட்டியபடி ஓடுவீர்கள். நாங்கள் ஈரத்துண்டோடு வெளியே வந்தால் சில நாள் கண் எரியும். பல நாள் ஒன்றுமே இருக்காது. வேப்பம்பூ வாசனைகூட வரும். "காத்து திரும்பிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவோம். "அவரு மூக்கு அப்டி. நமக்கு வர்றதுக்கு முன்னாடியே அவருக்கு வந்துடும்" என்று பெருமையும் பேசுவோம். வேறு ஊரில் ஒரு மனிதன் மூச்சுத் திணறி எழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். நாங்கள் துண்டை நனைத்தோம்.

குறைதீர்க் கூட்டங்களில் நீங்கள்தான் முதலில் எழுந்து நிற்பீர்கள். "ராத்திரி தொண்டையப் புடிச்சி நெரிக்கற மாரி இருக்கு சார். காலையில மண்டை பொளக்குது." அதைச் சொல்ல உங்களுக்கு நடிக்க வேண்டியதில்லை. கழுத்து தடித்த, நெஞ்சு அகன்ற, கண்ணடியில் கருத்துப்போன ஆள். உங்களைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும் என்று ஊர் நம்பியது. நானும் நம்பினேன்.

டாக்டர்களும் நம்பினார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கடலூரில் எத்தனை கிளினிக் ஏறி இறங்கினோம். "எந்த ஊரு?" என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பேனா ஓட ஆரம்பித்துவிடும். "அப்ப கம்பெனி விடற கேஸ்தான்." ஒருவர் வீசிங் என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். இன்னொருவர் நன்றாகத் தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்ட வாரம் நீங்கள் பட்ட பாட்டை அக்கா இன்றும் சொல்கிறாள். எங்கள்மேல் இரக்கப்பட்டார்கள், ஆனால் யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழையின் நோய்க்கு அவன் ஊரே போதுமான விளக்கம் என்று நினைக்கிறவர்களின் இரக்கம் அது.

பகலில் நீங்கள் ஸ்கூல் வேன் ஓட்டினீர்கள். முதுநகர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றால் உங்கள் தலை தொங்கிவிடும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. "அண்ணா தூங்கறாரு, பாட்டு பாடு!" என்று கத்துவார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்வீர்கள்: "கேட்டு போட்டா எனக்கு லீவு வுட்ட மாரி மச்சான்."

ஒருநாள் கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நீங்கள் திடுக்கிட்டு விழித்துக் காலை அழுத்தியதில் வேன் பாய்ந்து ஓர் இளநீர் வண்டியைச் சாய்த்தது. யாருக்கும் அடியில்லை. காய்கள் தண்டவாளம் வரை உருண்டன. அங்கே நின்ற ஒரு பிள்ளையின் அப்பா உங்கள் சட்டையைப் பிடித்தார்.

"வாயை ஊது. காலையிலயே போட்டுட்டு வந்துட்டியா?"

நீங்கள் பீர்கூடத் தொட்டதில்லை. ஊதினீர்கள். நாற்றம் இல்லை என்று தெரிந்தும் அவர் நம்பவில்லை, பள்ளிக்கூடமும் நம்பவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "உருண்டது காயி. புள்ளையா இருந்தா?"

அதன் பிறகுதான் நான் படித்துக்கொண்டிருந்த சிதம்பரத்துக்கு உங்களைக் கூட்டிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டருக்கு என்னைவிடச் சில வயசுதான் கூட இருக்கும். ஊர்ப் பெயரை நான் சண்டைக்காரன் மாதிரி எடுத்து வைத்தேன். "சரி, இருக்கட்டும்" என்றார். "ராத்திரி இவர் பக்கத்துல படுக்கறது யாரு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அக்கா வெளியே பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அவள் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டோம்.

"குறட்டை விடுவாராம்மா?"

"தெருவே கேக்கும் மேடம். குறட்டை கேட்டா நான் தூங்கிடுவேன். நின்னாதான் முழிச்சிக்குவேன்."

"நிக்குமா?"

"நின்னுடும். நெஞ்சு மட்டும் இழுக்கும், மூச்சு வராது. மூக்குல கைய வெச்சிப் பாப்பேன். அப்றம் வெடுக்குனு எழுந்து கேஸு, கேஸுன்னு கல்லத் தேடுவாரு."

"அப்ப நாத்தம் இருக்குமா?"

அக்கா உங்களை ஒருமுறை பார்த்தாள். "சில நாளு இருக்கும். பல நாளு இருக்காது மேடம்."

"ஏண்டி, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றீர்கள் நீங்கள்.

"நீங்க கம்பத்துக்கு ஓடிடுவீங்க. நான் யாருகிட்ட சொல்றது?"

ஒரு ராத்திரி வார்டில் படுக்கவைத்து, விரலிலும் மூக்கிலும் நெஞ்சிலும் ஒயர் மாட்டிப் பதிவு எடுத்தார்கள். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது என்றார் டாக்டர். மூச்சு நின்று, உடம்பு பயந்துபோய் எழுப்பிவிடுகிறது. இரவெல்லாம் இதே கதை என்பதால்தான் பகலில் தூக்கம், காலையில் தலைவலி, அடங்காத பிரஷர். ஸ்லீப் ஆப்னியா என்று பெயர் சொன்னார். மருந்தில் தீராது, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷினை மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும், எடையையும் குறைக்க வேண்டும் என்றார். கடைசியில் என்னைப் பார்த்து, "உங்க ஊரு காத்து நல்லதுன்னு நான் சொல்லல தம்பி. இவருக்கு ரெண்டும் இருக்கு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும் என் கையைப் பிடித்தீர்கள்.

"மச்சான், இது வெளிய தெரியக் கூடாது."

"ஏன் மாமா?"

"கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான்? கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் கொறட்டைன்னுடுவான். ஊரு சொல்றதே பொய்யின்னு ஆயிடும்."

நீங்கள் சொன்னதில் தப்பு இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நோய்க்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. இரண்டு இருந்தால் ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் மாதக்கணக்கில் மெஷின் பேச்சையே எடுக்க விடாமல் இருந்தீர்கள். அக்காதான் ஒருநாள் சோற்றுப் பானையை டங்கென்று வைத்தாள்.

"எம் புருசன் என்ன ஊருக்கு மணியா, நெஞ்சு அடைக்க அடைக்க ஆட்டறதுக்கு?"

மெஷின் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தது. என்னோடு படித்த நண்பனின் வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்து உபயோகித்தது. அவர் காலமான பிறகு அலமாரியில் கிடந்ததாம். "சும்மா தூங்குது, எடுத்துட்டுப் போடா" என்று கொடுத்தான். டாக்டர் உங்களுக்கு ஏற்றபடி காற்றின் அழுத்தத்தைத் திருத்திக் கொடுத்தார். மாட்டியதும் உங்கள் மகள் கைதட்டினாள்: "அப்பா யானை ஆயிட்டாரு!"

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து எழுந்து என்னைத் தேடி வந்தீர்கள்.

"கனா வந்துச்சு மச்சான். எத்தினி வருசம் ஆச்சு!"

"என்ன கனா?"

"பரோட்டா துன்றேன்."

அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிரித்துச் சிரித்து உங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணடிக் கருப்பு கொஞ்ச நாளில் வெளுத்தது. பிரஷர் இறங்கியது. ஒரு லோடு வண்டி ஓட்டக் கிடைத்தது.

ஆனால் கம்பம் அமைதியாகிவிட்டது. ஊர் என்ன செய்யும்? டீக்கடையில் பேச ஆரம்பித்தது. "ஆளு இப்பல்லாம் அடிக்கறதே இல்ல. கம்பெனிக்காரன்கிட்ட கவர் வாங்கிட்டான் போல." என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். நான் சண்டைக்குப் போனேன். நீங்கள் சண்டை போடவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே ஊர் கூடிய அன்று ரப்பர் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தீர்கள்.

"எனக்கு ஒரு சீக்கு. பாதி நாளு நான் அடிச்சது கேஸுக்கு இல்ல. எந்தொண்டைக்கு."

"அப்ப இத்தினி நாளா எங்கள சும்மாதான் எழுப்புனியா?"

"ஆமாண்ணே. சும்மாதான். மீதி பாதி நாளு?"

மீதி பாதி நாள் எங்கள் எல்லோர் கண்ணும் எரிந்திருந்தது.

நீங்கள் பயந்ததும் நடந்தது. அடுத்த குறைதீர்க் கூட்டத்தில் கம்பெனி சார்பில் வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவருக்குக் குறட்டை வியாதின்னு கேள்விப்பட்டோம். அதுக்கும் நாங்கதான் பொறுப்பா?" அறை முழுக்கச் சிரிப்பு. நீங்கள் எழுந்தீர்கள்.

"ஆமா சார், எனக்குக் கொறட்ட வியாதிதான். இப்ப வைத்தியம் பண்ணிக்கிட்டு நல்லாத் தூங்கறேன். அப்டி நல்லாத் தூங்கற ஆளு நேத்து எழுந்து ஓடினேன். ஊரே இருமுச்சு. அது எதனாலன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவர் காகிதத்தைப் புரட்டினார். அன்று நாம் எதையும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் மனு எழுதித் தேய்ந்த இத்தனை வருஷத்தில், பதில் சொல்ல முடியாமல் ஒருவர் தலைகுனிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கரண்ட் கம்பங்கள் எல்லாம் சாய்ந்தன, நம் இரும்புக் கம்பமும் வளைந்து நின்றது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மெஷின் மூலையில் கிடந்தது. "ராத்திரி மெஷின் ஓடலன்னா காலையில வண்டி எடுக்க மாட்டேன்" என்று சொல்லி லோடு வண்டியை விட்டீர்கள். படுத்தால் அடைக்கிறது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினீர்கள். வாசலில் இருந்து பார்த்தால் கம்பெனியில் ஜெனரேட்டர் வெளிச்சம் கல்யாண வீடு மாதிரி எரியும். கரண்ட் திரும்பி வந்தபோதும் முழுசாக வரவில்லை. பகலிலும் கட், இரவிலும் கட். அது போனால் நாற்காலி, வந்தால் படுக்கை.

அப்படி ஒரு விடியலில் நாற்காலியிலேயே போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். இருக்கலாம். கரண்ட்தான் உங்களைக் கொன்றது என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத மாட்டேன். அக்கா சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"குறட்டை நின்னுச்சுடா. கரண்ட் வந்துடுச்சு, மெஷினப் போட்டுக்கிட்டாருன்னு நெனச்சேன். நிம்மதியாத் திரும்பிப் படுத்தேன். ஃபேன் சுத்துதான்னு நிமுந்து பாக்கத் தோணல."

செல்விக்கு மெஷினோடு ஒரு பேட்டரியும் வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். முனகுகிறார்கள். வாங்காமல் விடமாட்டேன். மனு எழுதச் சொல்லி இருமிக்கொண்டு வருகிற யாரிடமும் இப்போது முதலில் நான் கேட்பது, பக்கத்தில் படுப்பது யார் என்றுதான். செல்வியின் புருஷன் முதலில் சிரித்தான். பிறகு, "நிக்குதுண்ணே" என்றான்.

கம்பத்தை நிமிர்த்தி நட்டிருக்கிறார்கள். கல் அதே கல்தான். இப்போது பெரும்பாலும் நான்தான் ஓடுகிறேன். எனக்குள் இருக்கிற கோபத்துக்குத் தினமும் அடிக்கலாம் போலிருக்கும். கல்லை எடுத்ததும் ஒரு தடவை நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கிறேன், மாமா. நாற்றம் இல்லாவிட்டால் கல்லை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இருந்தால், கை ஓயும்வரை அடிக்கிறேன்.