வெள்ளைக் கொடி கட்டிய சைக்கிள் ஓட்டம்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். சைக்கிள் ஓட்டத்துக்கு வழி காட்ட என்ன நிறத்தில் கொடி கட்டுவது என்று பின்னேரம் முழுக்க அடிபட்டார்கள். பச்சை ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. சிவப்பு மற்றது. சிவப்போடு மஞ்சள் சேர்ந்தால் புலிக்கொடி என்று பொலிஸ் வரும். காவி கோயிலுக்கு. கடைசியில் எங்கள் சங்கத் தலைவர் சிமியோன் மாஸ்டர், “வெள்ளையைக் கட்டுங்கோ, ஒருத்தரும் சண்டைக்கு வராயினம்” என்றார். எல்லோரும் கை தட்டினோம். தையற்கடைக்காரி நான்தானே, கொடி தைக்கும் வேலை என் தலையில்.

பரவாயில்லை. என் கடையில் தைக்கும் லவீனா இரத்தம் சுத்திகரிக்க வட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பஸ் வராவிட்டால் அடுத்த நாள் முகம் வீங்கிப்போய் இருக்கிறாள். ஒரு வான் இருந்தால் அவளைப் போன்றவர்களை வீட்டு வாசலிலேயே ஏற்றி இறக்கலாம். அதற்காகத்தான் இந்த ஓட்டம். சாவகச்சேரியில் தொடங்கி, வலிகாமத்துத் தோட்டங்களைச் சுற்றிக் கீரிமலை வரை. வழியில் ஊர் ஊராக உண்டியலோடு ஆட்கள் நிற்பார்கள்.

பெப்ரவரி 25

கைதடி வரை சைக்கிள் ஓடிப் பழகினேன். இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. லவீனா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

மார்ச் 3, ஞாயிறு

என்ன வேலை பார்த்து வைத்தோம்!

காலையில் எல்லாம் திறம். புத்தூர் தாண்டியதும் வெங்காயத் தோட்டங்கள். தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்ற ஒருவர் குழாயை எங்கள் பக்கம் திருப்பி எல்லோரையும் நனைத்துவிட்டார். சந்தியில் இடப்பக்கம் வெள்ளைக் கொடி. திரும்பினோம். பத்தடிக்கு ஒரு கொடி! தாராளமாகக் கட்டியிருக்கிறானே என்று தம்பி றம்ஸீனை நினைத்தேன். அவனோ நான்தான் கட்டினேன் என்று நினைத்திருக்கிறான். தூரத்தில் மேளம் கேட்டது. “அக்கா, வரவேற்பு!” என்று கை காட்டிக்கொண்டு முன்னால் பறந்தான்.

செத்தவீடு. அந்த வீட்டுக்கு வழி காட்டக் கட்டிய கொடிகள் அவை. மஞ்சள் பெனியனோடு, மணி அடித்துக்கொண்டு, பந்தலுக்குள் போய் நின்றோம்.

திரும்பவும் முடியுமா? ஒரு அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. யாரென்று தெரியாமலே நானும் அழுதேன். இறந்தவர் பஞ்சலிங்கம், வெங்காயத் தோட்டக்காரர். பிள்ளைகளில் சிவரூபன் மட்டும் கனடாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். ஒழுங்கையில் இளசுகள் இல்லை, எல்லாம் வெளிநாட்டில். அவர் மாஸ்டரிடம் வந்து, “ஐயா, அப்பாவைத் தூக்க ஆக்கள் காணாது” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அங்கே இரண்டு ஊர்ச்சனம் உண்டியலோடு வெயிலில் நிற்கிறது. என் கண்ணுக்குள் லவீனாவின் வீங்கின முகம். “மாஸ்டர், வெளிக்கிடுவம்” என்று காதுக்குள் சொன்னேன்.

“நீ போ பிள்ளை. நான் நிக்கிறன்.”

யார் போவது? நான் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். ஆம்பிளைகள் சுடலை வரை தூக்கினார்கள், றம்ஸீனும் தோள் கொடுத்தான். வெளிக்கிடும்போது செத்தவீட்டில் ‘போட்டு வாறம்’ சொல்லக்கூடாது என்று ஒருவரும் வாய் திறக்காமல் சைக்கிளை உருட்டினோம். பின்னேரம் கீரிமலைக் கேணியில் ஆண்கள் எல்லோரும் குதித்தார்கள். செத்தவீட்டுக்குப் போனால் எப்படியும் முழுகத்தானே வேண்டும். காத்திருந்த சனம் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டது.

வான் இல்லை. இவ்வளவுதான்.

மார்ச் 4

லவீனாவிடம் சொன்னேன். “மணி அடிச்சுக்கொண்டோ?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், தையல் மெசினில் தலையை வைத்துச் சிரித்தாள். பிறகு, “நான் பஸ்ஸிலேயே போறன் அக்கா. நீங்கள் ஏன் அழுறியள்?” என்றாள். அழவில்லை என்றேன். பொய்.

ஏப்ரல் 2

நோன்பு. தொண்டை காய்ந்துபோய்க் கடையில் இருக்கும்போது சிவரூபன் வந்து நிற்கிறார்! நேற்றுக் கீரிமலையில் தகப்பனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததாம். ஆளையாள் விசாரித்து எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் எல்லாரும் எங்கை போக வெளிக்கிட்டனீங்கள்? கேக்கவே மறந்துபோனன்.”

அப்போதுதான் தெரிந்தது, அன்றைக்கு எங்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. சொன்னேன். லவீனா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். சிவரூபன் அவளைப் பார்த்தார்.

“அப்பான்ரை பேரிலை என்ன செய்யிறதெண்டு எங்களுக்குள்ளை ஒரே பிரச்சினை. அண்ணையாக்களோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

மே 20, திங்கள்

வான் வந்துவிட்டது. நல்ல வெள்ளை வான், குளிர் வசதியும் இருக்கிறது. பக்கத்தில் இந்தப் பெரிய எழுத்தில்: அமரர் பஞ்சலிங்கம் ஞாபகார்த்தமாக.

லவீனா முதல் ஆளாக ஏறப் போனவள் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். “அக்கா, ஏற முந்தியே அமரர் எண்டு எழுதி வைச்சிருக்கினமே!” பின்னால் ஏற நின்ற நோயாளர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிமியோன் மாஸ்டருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு முன் ஆசனத்தில் ஏறி இருந்து எனக்குக் கை காட்டினாள்.

பின்னேரம் கடை வாசலில் இறங்கினாள். முகம் வீங்கவில்லை. என் கையிலிருந்த சட்டையைப் பறித்து, “கை பிழையாய் வைச்சிருக்கிறியள், விடுங்கோ” என்றாள்.