என் கரும்பும் உன் பனிக்காலமும்

மச்சான்,

ஹீட்டர் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறையிலிருந்து நனைந்த ஆட்டின் வாடை வருகிறது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு என்பது நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். இந்த வாடையைப் பற்றி நீ ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். "கையுறை நாறுது மச்சான். ஆனா காயுது. காய வைக்க வீட்ல சூடு இருக்கே, அது நல்லதுதானே?" ஃபிஜியில், தவுவாவில் வேர்த்து வழிய அதைப் படித்துவிட்டுக் கசக்கி எறிந்தேன். இன்று அதே வாடை உன்னைக் கூட்டிவந்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உட்கார். உயிரோடு இருந்தபோது கேட்காததை இப்போது கேட்டுவிடுகிறேன்.

ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்து நம்மவர்கள் இருந்த ஆட்சியைக் கவிழ்த்த வருடம். கரும்பு முற்றி நிற்கிறது, வெட்டலாமா வேண்டாமா என்று ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. உன் தகரக் கொட்டகையில் நம் கேங் கூடியது. முறை வைத்து ஒருவர் கரும்பை ஒருவர் வெட்டிக் கொடுக்கும் பன்னிரண்டு பண்ணைக்காரர்கள், எங்களுக்குத் தலைவன், சர்தார், நீ. போதை வேர்ப்பொடி, யங்கோனா, கலக்கிய தட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் வாயில் கனடா, ஆஸ்திரேலியா என்று ஓடியது. நீ சிரட்டையைக் காலி செய்து கீழே வைத்தாய். "எவன் வேணா போவட்டும். நான் இருக்கேன். நம்ம கேங்ல எவனும் போகமாட்டான்" என்றாய். என் தொடையில் தட்டி, "என்ன மச்சான்?" என்று வேறு கேட்டாய். நான் தலையாட்டினேன்.

அந்த வாரம்தான் என் மைத்துனன் கனடாவிலிருந்து குடியேறும் காகிதம் அனுப்பியிருந்தான். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். காலையில் ரொட்டி போட்டுக்கொண்டே, போகலாமா என்று என் பெண்சாதி கேட்டாள். "சர்தாரே இருக்கேன்னுட்டான். நாம எங்க போறது?" என்றேன். அவள் வாதாடவில்லை. காகிதத்தை எடுத்துத் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சண்டையாவது போட்டிருக்கலாம்.

வெட்டும் முறைக்குச் சீட்டுக் குலுக்கினோம். எனக்கு முதல் முறை, உனக்குக் கடைசி. அறுவடை தள்ளிப்போன வருடம், கடைசியில் இருப்பவன் கரும்பு மழையில் மாட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து வேலி ஓரமாக வந்து நின்றாய். "என் பின்வயல் பள்ளம் மச்சான். மழை வந்தா கரும்பு வண்டிக்குத் தண்டவாளமே போட முடியாது. முறைய மாத்திக்கலாமா?" யோசிக்காமல் சரி என்றேன். நீயே இருக்கிறாய், என் கரும்பு எங்கே போய்விடும்?

பத்து நாள் உன் வயலில் உன் பக்கத்திலேயே நின்று வெட்டினேன். கத்தியை நீ தீட்டித் தந்தாய். உன் வீட்டுப் பருப்பையும் புளிச்சட்னியையும் ஒரே தட்டில் தின்றோம். அத்தனை நாளும் உன் பாஸ்போர்ட்டில் கனடா முத்திரை விழுந்திருந்தது. அது எப்படி முடிந்தது உனக்கு? முப்பது வருடத்துக்கு மேலாக என்னைக் குடையும் கேள்வி இதுதான். போனது கூடப் பெரிதில்லை, அன்று எல்லோரும்தான் போனார்கள். போகிறேன் என்று ஒரு வார்த்தை எனக்கு மட்டும் சொல்லியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பஸ் ஏற்றியிருப்பேன்.

உன் கரும்பு மில்லுக்குப் போய் மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை நீ வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்துக் கையில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தேன். கதவில் பூட்டு. உன் நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரர்தான் சொன்னார், நேற்றே நீ குடும்பத்தோடு நாந்திக்குப் போய் பிளேன் ஏறிவிட்டாய் என்று. எனக்குத் தெரியாது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. அந்த எலுமிச்சம்பழத்தை என்ன செய்தேன் என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை.

சர்தார் போனதும் இன்னும் மூன்று பேர் போனார்கள். கேங் உடைந்தது. மழை பிடித்துக்கொண்டது. நானும் என் பெண்சாதியும் முட்டியளவு சேற்றில் நின்று வெட்டியது கால்வாசி. மில் மூடியது, மிச்சம் வயலிலேயே நின்றது. அப்போதுதான் உன் முதல் கடிதம் வந்தது. பனி எப்படிக் கொட்டுகிறது, நடக்கும்போது மூக்கு மயிர் எப்படி உறைகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, "தினம் ஒரு நல்லது தேடிக்கிறேன், இல்லாட்டி இந்தக் குளிர்ல பைத்தியம் பிடிக்கும்" என்றிருந்தாய். கீழே பட்டியல். கொசு இல்லை. மீனை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் கெடுவதில்லை. ஓடி வருவதைப் பார்த்து பஸ்காரன் நிறுத்தினான். கடைசியில் ஒரு வரி: "கரும்புச் சுணை இல்லை, கை ஆறிடுச்சு." சுணை ஏறித் தடித்த கையால்தான் மச்சான் அதைப் பிடித்துப் படித்தேன். வருடத்துக்கு ஒரு கடிதம், ஒவ்வொன்றிலும் நன்றி. வெயிலுக்கு நன்றி, கொதிக்கும் ரசத்துக்கு நன்றி. என் கரும்பைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது. நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

என் பெண்சாதி செத்த பிறகு, நிலக் குத்தகையும் முடிந்து, மகள் என்னை இங்கே கனடாவுக்கு அழைத்துக்கொண்டாள். உன் வீடு இரண்டு பஸ் தூரம் என்று தெரியும். வரவில்லை. வீம்பு என்றால் வீம்புதான். ஆனால் முதல் குளிர்காலத்தில் வாசலில் வழுக்கி விழுந்து இரண்டு மாதம் வீட்டோடு கிடந்தபோது உன் பழக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரன் கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் வாரிப் போட்டான், ஒன்று. பருப்பு கொதித்து ஜன்னல் வேர்த்தது, இரண்டு. என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டே எண்ணினேன். உதவியது, ஒப்புக்கொள்கிறேன்.

உன் சாவுக்கு வந்தேன். சாலை உறைந்து உன்னை ஏற்றிவந்த வண்டி தாமதமாக, தகனக் கூடத்து வாசலில் எல்லோரும் நின்றிருந்தோம். உன் மகன் ஹிந்தியில் பேசினான். நாம் வெட்டிய வருடம் இடுப்பு உயரம்கூட இல்லாதவனுக்கு இப்போது காதோரம் நரை. "ஊரை விட்டு ஓடுற நேரத்துலகூட அப்பா தன் கூட்டாளியோட கரும்பை முழுசா வெட்டிக் கொடுத்துட்டுத்தான் பிளேன் ஏறினார். அந்த மாமா இதோ நிக்கிறார்" என்று என்னைக் காட்டினான். எல்லோரும் திரும்பினார்கள். உன் பெண்சாதி மட்டும் தலையைத் தூக்கவில்லை. மஃப்ளர் என் கண்வரை ஏறியிருந்தது. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அன்றைய குளிருக்கு மனதார நன்றி சொன்னேன்.

பிறகு உன் மகன் அருகில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "சச் பாத் ஹை நா, மாமா?" உண்மைதானே என்று கேட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஹாங் பேட்டா" என்றேன், ஆமாம் மகனே என்று.

ஆக, செய்தது என்னவென்று உனக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவன் அந்தப் பொய்யைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்த்திருக்க மாட்டான். அதில் பாதி தைரியத்தோடு எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். இப்போது உன் பொய்க்கு என்னைச் சாட்சியாக்கிவிட்டுப் போய்விட்டாய். அதைச் சுமந்துகொண்டு இன்னும் எத்தனை பனிக்காலம் இருப்பேனோ தெரியாது. உன் மகனிடம் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். உன் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் இந்த எழுத்து தெரியாது. நீ என் கரும்பை வெட்டவில்லை, மச்சான். இதைப் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் இருந்தாய்.