அலமாரிக்கென்று தைத்த பைகள்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், கீழே வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் உன் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அவசரப்பட்டு அங்கே தாவாதே. இங்கே உன் அப்பா சுகம், தம்பி சுகம், என் கோபமும் நல்ல திடகாத்திரமாக இருக்கிறது. உன் சுகத்தை விசாரித்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதை உன்னிடம் கேட்டு என்ன பயன், என்னைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டால் அல்லவா சரியான பதில் கிடைக்கும். ஃபோனில் பேசியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ "அம்மா, ப்ளீஸ்மா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் நான் உருகிவிடுவேன், அது நம் இரண்டு பேருக்குமே தெரியும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் உன் அத்தை கண்ணாடி மாற்ற நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்திருந்தாள். கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை என்றாள். லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகுவோமே, அந்தக் கனமான ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டு, படிக்கிற அட்டையைக் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்கு அண்ணி, நான் தினம் பார்க்கிறது ஃபோனைத்தானே, அதுல தெரிஞ்சா போதாதா" என்று தன் ஃபோனை எடுத்து ஏதோ ஒரு படத்தைத் திறந்தாள். நான் லென்ஸை மாற்றினேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அடடே, இப்பதான் அண்ணி பளிச்சுன்னு தெரியுது! நம்ம சின்னு கையில போட்டிருக்கிற மாவுக்கட்டுல யாரோ பூனைப் படம் வரைஞ்சிருக்காங்க பாருங்க, இத்தனை நாளா அழுக்குன்னு நினைச்சுட்டேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஃபோனை மடியில் கவிழ்த்துக்கொண்டு, "அது பழைய போட்டோ அண்ணி" என்றாள். எந்தப் பழைய காலத்தில் என் மகளுக்குக் கை உடைந்தது என்று கேட்டேன். "லென்ஸ் இதுவே போதும், நான் கிளம்புறேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். ஃபிரேம் மூக்கில் இருக்கிறதே, எங்கே போவாள். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். படத்தைத் திருப்பச் சொல்லி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, இப்போது என்ன தெரிகிறது, இப்போது என்ன தெரிகிறது என்று கேட்டேன். உனக்குப் பின்னால் மலை தெரிகிறது என்றாள், பனிமூட்டம் தெரிகிறது என்றாள், படுத்துக்கிடக்கிற சைக்கிள் தெரிகிறது என்றாள். சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பழுப்புப் பை தொங்குகிறது என்றாள். அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். அவை நான் தைத்த பைகள்.

வருஷத் தொடக்கத்தில் நீ என்னிடம் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. "கான்வாஸ்ல ரெண்டு பை வேணும்மா, அலமாரிக்குள்ள மாட்டி துணி போட்டுக்க." அலமாரியில் மாட்டும் பைக்கு எதற்கு அடியில் அட்டை, எதற்கு முதுகில் இரண்டு கொக்கி என்று கேட்டேன். "அம்மா, நீ கேள்வி கேட்காம தைச்சா அழகா வரும்" என்று கொஞ்சினாய். நானும் பைத்தியக்காரி மாதிரி ஞாயிற்றுக்கிழமை முழுக்க மெஷினில் உட்கார்ந்து, அலமாரியைத் திறந்தால் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, மூடியைக் கட்ட நல்ல நீளமாக ஒரு சிவப்பு நாடாவும் வைத்துக் கொடுத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் உன் தம்பியைக் கதவைச் சாத்திவிட்டு விசாரித்தேன். அவன் உன்னைவிட மோசமான பொய்யன், அதாவது பொய் சொல்லத் தெரியாதவன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஆபீஸ் தோழிகள் இரண்டு பேரோடு அந்த மலைத் தேசியப் பூங்காவைச் சுற்றும் பாதையில் கிளம்பினாயாம், வனத்துறை விடுதிகளில் தங்கித் தங்கி முழு வட்டமும் முடிப்பதாகத் திட்டமாம், கணவாய் வரைக்கும் எங்கேயும் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறினாயாம். மறுபக்கம் இறங்கும்போது, மூடியிலிருந்து அவிழ்ந்த நாடா பின்சக்கரக் கம்பிகளில் சுற்றிக்கொண்டு, வளைவில் உன்னைத் தூக்கி எறிந்ததாம். வனக்காவலர் உன்னையும் சைக்கிளையும் ஜீப்பில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாராம், கட்டுப் போட்ட பிறகு அடிவார விடுதி வாசலில் எடுத்ததாம் அத்தை காட்டிய படம். சிரித்துக்கொண்டே, "அம்மா நாடாதான் பிரேக் போட்டுடுச்சு" என்று நீ சொன்னதாகவும் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை சின்னு. அலமாரியில் அந்த நாடா அழகு, ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் அது எமன். சைக்கிளுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாடாவே வைத்திருக்க மாட்டேன், குட்டையாக பக்கிள் வைத்து உள்ளே மடித்துத் தைத்திருப்பேன், மழைக்கு உள்புறம் ரெக்சின் கொடுத்திருப்பேன். கல்லூரிக் காலம் முழுக்க சைக்கிளில் போய்வந்தவள் நான், துப்பட்டா சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதவளா, என்னிடமா மறைப்பது. நாடாவைத் தைத்தது என் கை, நான் இல்லை என்று சொல்லவில்லை. அதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டது உன் பொய். ஒரு முழு ராத்திரி இந்தப் பழியை யார் தலையில் வைப்பது என்று யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

உன் அப்பாவைக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ பயந்துடுவேன்னுதான்" என்றார். எப்போது பயந்தேன், எதற்குப் பயந்தேன் என்று கேட்டால், இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே ஒரு கதைதான் தெரியும். தம்பிக்குத் தாடையில் தையல் போட்ட அன்று ஆஸ்பத்திரியில் நான் மயங்கி விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். காலையிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதனால்தான் என்று அந்த நர்ஸே சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து நான் ரத்தம் பார்த்தால் ஆகாதவள், கெட்ட செய்தி தாங்காதவள். எனக்கு வருகிற எல்லாச் சேதியும் வடிகட்டி, ஆறவைத்து, சர்க்கரை போட்டுத்தான் வருகிறது. வீடியோ காலில் நீ கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டிருந்தாய், நானும் பிள்ளை முகம் தெளிந்திருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப" என்று உன் அப்பா கேட்டார். எந்தக் கை என்று கேட்டிருப்பேன். அது ஒன்றைத்தான் முதலில் கேட்டிருப்பேன். வலது கை என்று தெரிந்திருந்தால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்திருப்பேன். உனக்கு யார் தலைக்கு ஊற்றிவிட்டார்கள், ஒற்றைக் கையால் எப்படிப் பின்னல் போட்டாய், சட்டைப் பித்தானை யார் மாட்டிவிட்டார்கள், இதையெல்லாம் நினைத்துப் பார்த்து ஆற்றாமைப்படுகிற உரிமைகூட எனக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது, அது எனக்கே ரெண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. உன் அப்பாவின் ஃபோனைப் பிடுங்கி எல்லாப் படங்களையும் பார்த்தேன். கணவாய் உச்சியில் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறாய். கீழே மேகம் கிடக்கிறது. அந்தப் படம் விழுவதற்கு முன்னால் எடுத்தது. அதை அப்பா பார்த்திருக்கிறார், அத்தை பார்த்திருக்கிறாள், தம்பி தன் ஃபோனில் முகப்பாகவே வைத்திருக்கிறான். பயத்தை மறைத்தீர்கள், சரி. அந்தச் சிரிப்பையும் சேர்த்து ஏன் மறைத்தீர்கள். வண்டிச் சீட்டைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் மூச்சிரைக்க ஓடி, விட்டுவிட்டேன் என்று சொல்லாமல் விட்டவள் நான்தானே.

சரி, ஆனது ஆகிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்றாம். டாக்டர் சரி என்று சொல்லாமல் அந்தக் கையில் கனம் தூக்காதே, ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்போது ரப்பர் பந்தை அழுத்திப் பழகு. இறக்கத்தில் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காதே, விட்டு விட்டு அழுத்து. தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடி, இதை இந்தக் குடும்பத்தில் சொல்லத் தகுதியுள்ளவள் நான் ஒருத்திதான். உன் அத்தையின் கண்ணாடி தயாராகிவிட்டது, வாங்கிக்கொள்ள இன்னும் கடைப்பக்கமே வரவில்லை. கை நல்லபடியாகக் கூடி, பழைய பலம் திரும்பி, போகிற வழியெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும்.

இப்போது காற்றடித்த கதை. கணவாய்க்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கிற பாதி வட்டத்தை அடுத்த லீவில் முடிக்கப் போகிறாய் என்றும், அதையும் என்னிடம் சொல்லக் கூடாது என்று ஏற்கனவே பேசி வைத்துவிட்டீர்கள் என்றும் தம்பி சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. அன்று முதல் தினமும் காலையில் உன் சைக்கிளை எடுக்கிறேன். உன் அப்பா நான் நடக்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள் ரயில் பாலத்து ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளினேன், பால்காரர் பார்த்துச் சிரித்தார். இன்று தண்ணீர்த் தொட்டி மேடு வரைக்கும் இறங்காமல் ஏறிவிட்டேன். சாயங்காலங்களில் பை தைக்கிறேன், நாடா இல்லாமல், பக்கிள் வைத்து, நாலு பை. இரண்டு உனக்கு. கடையில் இன்னும் லீவு கேட்கவில்லை, வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன்னோடு நானும் வருகிறேன், அந்த மிச்சப் பாதிக்கு. நீயும் யாரிடமும் சொல்லாதே. முடித்ததும் நம் இரண்டு பேரையும் ஒரு படம் எடுத்து உன் அப்பாவுக்கு அனுப்பு. அவருக்கும் கண்ணாடி நான் போட்டுக் கொடுத்ததுதான், பளிச்சென்று தெரியும்.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா